ஏலத்தில் விரல் தூக்கிய அண்ணன்

கெட்ட பழக்கத்தால் வீணாய்ப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். என் அண்ணன் நல்ல பழக்கத்தால் போனவன். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தான். யாராவது பேசும்போது குறுக்கே பேசமாட்டான், குரலை உயர்த்தமாட்டான், வாயைத் திறந்தால் முதலில் 'பர்தோன்' என்ற பிரெஞ்சு மன்னிப்புதான் வரும். இனிய பேச்சுக்கென்று வருஷா வருஷம் பரிசு வேறு.

அந்தப் பரிசுகள்தான் அவனுக்கு வியாபார ஆசையை மூட்டின. மரியாதையாகப் பேசுகிறவனிடம் ஜனங்கள் தேடி வந்து வாங்குவார்கள் என்று நம்பினான். குருசுக்குப்பம் கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் விற்பதாகத் திட்டம். துரைசாணிகளிடம் பிரெஞ்சிலேயே பேசலாம் அல்லவா!

அப்பாவுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. பிரெஞ்சுக்காரன் ஆட்சியை விட்டுப் போன பிறகும் அவன் பட்டாளம் எங்கள் பையன்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தது.

"ஈஸ்டருக்குள்ள தொழில் நிக்கலன்னா நீ சொல்தாவா போயிடு" என்றார்.

சொல்தா என்றால் சிப்பாய். சித்தப்பாவும் அப்படித்தான் சைகோனுக்குப் போனார். இப்போது வீட்டில் படமாக இருந்தார். அம்மா தினமும் காலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள்.

முதல் நாள் என்னையும் கரைக்குக் கூட்டிப்போனான். எனக்கு எட்டு வயது. ஏலம் விடுகிறவரைச் சுற்றி மீன்காரப் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனோ வகுப்பில் நிற்பதுபோல் ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு, தன்னைக் கூப்பிடட்டும் என்று நின்றான். வஞ்சிரம் போயிற்று. கொடுவா போயிற்று.

"இன்னா தம்பி, வெரலத் தூக்கிக்கினு நிக்கிற? ஒண்ணுக்குப் போவணுமா?" என்றாள் ஒரு மீன்காரம்மா. கரையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"பர்தோன்மா. அவங்க பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."

"அவங்க முடிக்கறப்ப மீனும் முடிஞ்சிடும்பா. வாயத் தொறந்து கத்து!"

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். ஒருநாள் அந்த அம்மாவே பாவம் பார்த்து ஒரு கூடை சங்கரா கொடுத்தாள். எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று துரைசாணி கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வந்தான். அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. எல்லோருக்கும் வழிவிடக் கற்றுக்கொடுத்தவர்கள், தனக்கென்று ஒன்றைக் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. அப்பா சொன்ன இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டான். போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவையும் அவனுக்கு எதிர்த்துப் பேசத் தெரியவில்லை.

அவனை நான் கடைசியாகப் பார்த்தது ரயில் நிலையத்தில். அல்ஜீரியாவில் சண்டை நடப்பதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? பெட்டி நிறைய சாக்லேட் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான், அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். வண்டி நகர்ந்தது. அதுவரை வாயே திறக்காத அம்மா, "என் புள்ளய எறக்கி வுடுங்க, ஐயோ, எறக்கி வுடுங்க!" என்று கத்தினாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"கத்தாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.