நாற்காலி எங்கே உட்காரும்?

வேலையாட்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘பொறு அக்கா’. பத்து வருடம் டைல்ஸ் ஒட்டியவள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு குழாயை மறந்ததால், ஒரே குளியலறைச் சுவரை மூன்று முறை உடைத்து ஒட்ட வேண்டி வந்தது. அன்றைக்கு வந்த ஆத்திரத்தில்தான், இனி வேலையை வரிசைப்படுத்தும் பொறுப்பையே எடுத்துக்கொள்வது என்று மேஸ்திரி ஆனாள்.

முதலில் கிடைத்த பெரிய வேலை ஒரு பல் மருத்துவமனை. டாக்டரம்மாவுக்குத் தலைபோகிற அவசரம்.

“முதல்ல தரையைப் போட்டுடுங்க. வேலை நடக்குதுன்னு பார்க்கவாவது தெரியும்.”

“பொறுங்கம்மா. நோயாளி உக்கார்ற நாற்காலி எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“அது கடைசியில வர்றதுதானே?”

“வர்றது கடைசியிலதான். ஆனா அதுக்குப் போற தண்ணி, கரண்ட் எல்லாம் தரைக்கு அடியில போகணும். எங்க உக்காரும்னு தெரியாம தரை போட்டா, போட்ட கையாலயே உடைப்போம்.”

டாக்டரம்மா முகம் சுளித்தார். ஆனாலும் அன்றே நாற்காலியைத் தேர்ந்தெடுத்து அதன் வரைபடத்தை வாங்கித் தந்தார்.

மறுநாள் காலை குழாய்க்காரர், எலக்ட்ரீஷியன், தச்சர், பெயிண்டர் நால்வரையும் காலி அறையில் உட்கார வைத்தாள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: “நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி யார் முடிச்சிருக்கணும்?” பதில்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, அவரவர் வேலை வரும் இடத்தில் சுவரில் ஒட்டினாள். தச்சர் அலமாரி வைக்கப்போகிற அதே இடத்தில் எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் வைக்கப்போவது அப்போதுதான் தெரிந்தது. இருவரும் ஐந்து நிமிடம் முறைத்துக்கொண்டார்கள். பிறகு ஸ்விட்ச் இரண்டு அடி தள்ளிப் போனது.

குழாய்க்காரர் வேறு யாருமல்ல, அவள் கணவர்தான். அவர் குழாய் பதித்து முடித்ததும், “குழாய்ல ஒரு நாள் பூரா தண்ணி பிரஷர் ஏத்தி வைங்க, கசிவு இருந்தா தெரியும். அப்புறம் மூடலாம்” என்றாள்.

“என் வேலைமேல உனக்கே நம்பிக்கை இல்லையா?” அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பார்த்தால், பிரஷர் காட்டும் கேஜில் முள் இறங்கியிருந்தது. ஒரு இணைப்பில் ஈரம். அவர் அரை மணி நேரத்தில் அதைச் சரிசெய்தார். மேலே டைல்ஸ் இருந்திருந்தால் ஒரு வாரம் போயிருக்கும். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. இன்னொரு நாள் பிரஷர் ஏற்றிப் பார்த்த பிறகே தரையை மூட விட்டாள்.

ஆறு வாரத்தில் வேலை முடிந்தது. கடைசி ஆளான பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “அடிச்ச சுவத்தையே திரும்ப அடிக்காம நான் வீட்டுக்குப் போறது இதுதான் முதல் தடவை அக்கா. என் வீட்டுக்காரி நம்பவே மாட்டா.”

அவள் சிரித்துக்கொண்டே அவருடைய ஏணியின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அதை வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.