பத்து நாள் பட்டை

சுகாதார நிலையத்தில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வருடம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டவள். ஊசி இறங்கிய பிறகுதான் அழ வேண்டும் என்றே குழந்தைக்குத் தோன்றும். அதற்குள் பஞ்சை அழுத்திவிட்டு அடுத்த குழந்தையின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நடுக்கம் வலது கட்டைவிரலில் தொடங்கியது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலை இருக்கும்போது அந்தக் கை அடங்கிக் கிடக்கும். சும்மா இருந்தால்தான் ஆடும். ஊசி போடும் நொடியில் ஒரு குறையும் வந்ததில்லை. ஆனால் மடியில் குழந்தையோடு காத்திருந்த ஒரு தாய், தட்டின் ஓரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையைப் பார்த்துவிட்டாள்.

“வேற யாராவது போடுவாங்களா?” என்று மெதுவாகத்தான் கேட்டாள். அடுத்த வாரமே ஊசியக்காவை அட்டை பதியும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்று வருடத்தில் மாத்திரையின் பலன் குறுகிக்கொண்டே வந்தது. ஐந்து மணி நேரம் தாங்கியது இரண்டரை மணி நேரமாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். மூளைக்குள் மெல்லிய கம்பி வைப்பார்கள், கை அடங்கும். ஆனால் எல்லோருக்கும் வைக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை குழு கூடி, யாருக்கு மாத்திரை கைவிட்டுவிட்டது என்று பார்த்துப் பட்டியல் போடும். அதற்குப் பத்து நாள் பதிவு வேண்டும்.

பதிவு செய்ய ஒரு பட்டையைக் கையில் கட்டிவிட்டார்கள். கைக்கடிகாரம் போலவே இருந்தது, மணி மட்டும் காட்டவில்லை.

“கை எப்போ நடுங்குது, எவ்வளவு நடுங்குது, எல்லாத்தையும் இது எழுதிக்கும்,” என்றார் டாக்டரம்மா. “மாத்திரை போட்டதும் இந்தப் பொத்தானை அழுத்துங்க. மத்தபடி வழக்கம்போல இருங்க.”

ஊசியக்கா தலையாட்டினாள். அவளுடைய வழக்கம் வேறு என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. சுகாதார நிலையத்துக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே திரைச்சீலைகள் சோப்பு வாசம் அடிக்கும். ஒழுகும் குழாய்க்குத் துணி சுற்றி, அதன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு மறைப்பார்கள். மருந்துப் பெட்டியின் குளிர் அளவை மணிக்கு ஒருதரம் பார்த்து எழுதுவார்கள். இருபத்தேழு வருடத்தில் அவள் அறையைப் பற்றி ஒரு வார்த்தை குறை எழுதப்பட்டதில்லை. பட்டை கையில் ஏறியதும் அந்தப் பழக்கமும் கூடவே ஏறிவிட்டது.

கையைச் சும்மா விடவே இல்லை. பட்டாணி உரித்தாள். மடித்த துணிகளைக் கலைத்துத் திரும்பவும் மடித்தாள். தொலைக்காட்சி பார்க்கும்போது சுருட்டிய துண்டு ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாத்திரையின் வேகம் இறங்கப்போகிறது என்று தெரிந்தால், அதற்குக் கால் மணி முன்பே இன்னொரு அரை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா, அந்த அரைக்குப் பொத்தான் அழுத்தலையே?”

“அரைக்கெல்லாம் எதுக்குங்க?”

“லிஃப்ட் நின்னுபோச்சுன்னு அலறுவாங்க. நான் போய் நின்னா ஜம்முனு ஓடும். அந்த லிஃப்டுக்கு உன் பேரைத்தான் வைக்கணும்.”

“உங்க வாய்க்கு ஒரு பட்டை கட்டச் சொல்றேன், இருங்க.”

இருவரும் சிரித்தார்கள். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த நாட்களில் அவள் முகம் தெளிவாக இருந்தது. கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். கணினித் திரையில் பத்து நாளும் பத்துக் கோடுகளாகக் கிடந்தன. பெரும்பாலும் பச்சை.

“ரொம்ப நல்லா இருக்கும்மா.”

ஊசியக்காவின் முகம் மலர்ந்தது. அவள் வீட்டுக்காரர்தான் கேட்டார், “அப்போ ஆபரேஷன்?”

“நேத்துத்தான் குழு கூடுச்சு. மாத்திரையே நல்லா வேலை செய்யுது, இப்போதைக்குத் தேவையில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க.”

மேசைமேல் இருந்த அவள் கை ஆடத் தொடங்கியிருந்தது. மற்றக் கையால் அதைப் பொத்தினாள்.

“நீயே சொல்லிடு,” என்றார் அவர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துண்டு, பட்டாணி, அரை மாத்திரைகள் எல்லாவற்றையும் அவரே ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “நீங்களே நர்ஸ். ஏம்மா இப்படிப் பண்ணீங்க?”

“யாரோ பாக்கப்போறாங்கன்னு தெரிஞ்சப்புறம்… அலங்கோலமா காட்ட மனசு வரல டாக்டர்.”

டாக்டரம்மா குழுவுக்குக் கடிதம் எழுதினார். பட்டியல் அதற்குள் நிரம்பிவிட்டது. அடுத்த வருடம் முதலில் இவளைப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

அந்த ஒரு வருடத்தில் நிறைய நடந்துவிட்டது. குளியலறையில் இரண்டு முறை விழுந்தாள். குரல் தேய்ந்து, பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் கேட்கும் என்றானது. அட்டை மேசையில் ஒரே குழந்தையை இருமுறை பதிந்தாள். எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள், ஒருநாள் ஒரு தாயின் எதிரில் பதில் தெரியாமல் விழித்தாள். வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

இரண்டாம் முறை பட்டை கட்டியபோது எதையும் மறைக்கவில்லை. கையை மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். தேநீர் புடவையில் கொட்டியது. “ஆடட்டும்,” என்றாள், “நல்லா ஆடட்டும்.” மாத்திரையை எடுத்துக் கொடுத்ததும் பொத்தானை அழுத்தியதும் அவள் வீட்டுக்காரர்தான். பத்துக் கோடுகளும் சிவப்பாக வந்தன. போன வருடம் குழுவுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஆனால் இந்த முறை நினைவாற்றல் சோதனையும் வைத்தார்கள். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். அவளுக்கு ஒன்றுதான் நினைவிருந்தது. கடிகாரம் வரையச் சொன்னதற்கு எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினாள்.

டாக்டரம்மா அவள் வீட்டுக்காரரை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். மறதி இவ்வளவு தூரம் வந்த பிறகு கம்பி வைத்தால் மறதி இன்னும் மோசமாகலாம். குழு ஒப்புக்கொள்ளாது. போன வருடமே செய்திருந்தால் என்று அவர் தொடங்க, டாக்டரம்மா தரையைப் பார்த்தார். அவரும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் உள்ளே வந்து அவளிடம் சொன்னார். கேட்டுக்கொண்டாள். மாடிப்படியில் இறங்கும்போது அவள் மறுபடி கேட்க, மறுபடியும் சொன்னார். அப்போதும் “சரி” என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இந்தத் தடவை சரியா பண்ணேனாங்க?”

“சரியாத்தான் பண்ணே.”

“அப்போ ஆபரேஷனுக்கு எப்போ கூப்பிடுவாங்க?”

மூன்றாவது முறை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

“கூப்பிடுவாங்க,” என்றார்.