அவள் அப்பா பார்க்க ஓட்டிய வண்டி

ரோபோட்டிக்ஸ் டீமில் இருந்தேன் என்று சொன்னால் எல்லோரும் போட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கே நடந்தது, என்ன பரிசு, மேடையில் யார் கை கொடுத்தார்கள். போட்டியில் எங்களுக்குக் கிடைத்தது ஆளுக்கொரு சான்றிதழும் ஒரு வாட்டர் பாட்டிலும். பாட்டில் மூடி போன வழி தெரியவில்லை. நான் நினைத்து நினைத்து ஏங்குவது போட்டிக்கு அல்ல, அது முடிந்தபிறகு வந்த அந்த ஒரு கோடைக்கு.

புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் இருந்த எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளி பத்தாவதோடு முடிந்துவிடும். நாங்கள் பொதுத்தேர்வு எழுதி முடித்திருந்தோம். ஜூனில் பள்ளி திறந்ததும் ரோபோவைப் பிரித்து, மோட்டார், சக்கரம், போர்டு, ஒயர் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, அடுத்த செட் பெண்களிடம் கொடுத்துவிட வேண்டும். எங்கள் பள்ளியில் அதுதான் வழக்கம். வருஷத்துக்கு ஒரு ரோபோவுக்கு நாங்கள் எங்கே போவது? ஆனால் ஜூன் வரைக்கும் அது எங்களுடையது. நாங்கள் அதை ரோபோ என்று சொன்னதே கிடையாது, வண்டி என்றுதான் சொல்வோம். "சும்மா பூட்டி வெக்கிறதுக்கு நாலு ஊர்ப் பசங்களுக்குக் காட்டலாம், வரீங்களாடி?" என்று அறிவியல் மிஸ் கேட்டார். வரீங்களாவாம்! வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் வண்டியோடு தொற்றிக்கொண்டு போயிருப்போம்.

மிஸ்ஸின் தம்பி ஒரு குட்டியானை வேன் வைத்திருந்தார். காய்கறி லோடு இறக்கிவிட்டு வருவார். அதன் பின்பக்கம் சாக்கை விரித்து வண்டியை நடுவில் வைத்து, அது ஆடாமல் நாங்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். வெங்காயத் தோல் துணியெல்லாம் ஒட்டும். கிருமாம்பாக்கம் தாண்டி உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் கரும்பு, காற்றில் பேசவே முடியாது. ஆனாலும் கத்திக் கத்திப் பேசுவோம்.

எங்கள் வண்டிக்கு மேடு பள்ளம் ஆகாது. ஊரில் சமமான இடம் என்றால் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம்தான். போய் இறங்கியதும் முதல் வேலை பெருக்குவது. ஒரு நெல் சக்கரத்துக்குள் புகுந்துவிட்டால் போதும், வண்டி முக்க ஆரம்பித்துவிடும். "ரோபோ காட்ட வந்த பொண்ணுங்க களம் பெருக்குதுங்க பாரு" என்று ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் ஒரு விளக்குமாற்றை எடுத்து வந்துவிடுவார்கள்.

வண்டியின் மூஞ்சியில் இரண்டு வட்டக் கண் உண்டு. எதிரில் ஏதாவது இருந்தால் அந்தக் கண்ணுக்குத் தெரிந்துவிடும், ரிமோட்டில் என்னதான் முன்னால் தள்ளினாலும் வண்டி நகராது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் குறுக்கே நிற்க வைப்போம். வண்டி வேகமாக வந்து, கால் விரலுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்ற பிள்ளை மெதுவாகத் திறந்து பார்த்து, அப்புறம் கத்தும் பாருங்கள் ஒரு கத்து! அந்தச் சத்தத்தை நான் எங்கேயும் மறுபடி கேட்கவில்லை.

ஓட்டுவது என் சிநேகிதி. டீமில் எல்லோருக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் அவள் ஓட்டினால் வண்டிக்கு உயிர் வந்துவிடும். கீழே கிடக்கும் பந்தை அள்ளிக் கூடையில் போடுவதுதான் வண்டியின் வித்தை. நான் எடுத்தால் மூன்று முறை முட்டி மோதி எடுப்பேன். அவள் கட்டைவிரலை லேசாக அசைப்பாள், பந்து கூடையில் இருக்கும். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இருந்தது. ஆனால் அவள் ஓட்டும்போது பக்கத்தில் நிற்கிற பெருமை அதைவிடப் பெரியது.

மிஸ் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். ஊர்ப்பிள்ளை கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டால், அது தானாகத் திருப்பித் தரும்வரை நாங்கள் தொடக்கூடாது. என்னால் முடியவே முடியாது. "அப்படி இல்லடா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கை தானாகப் போய்விடும். அவள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை தப்பாக ஓட்டி வண்டி வட்டமடித்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். கடைசியில் அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே பிள்ளைகள் மறுபடி மறுபடி வரிசையில் நிற்கும்.

மே மாத நடுவில் அவள் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. அவள் அப்பாவுக்குத் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் பைக்கில் போய் வருவார். அந்தக் கம்பெனி அவர் பிரிவை ஓசூருக்கு மாற்றியது. அம்மாவும் தம்பியும் அவரோடு போவது முடிவாகிவிட்டது. இவள் மட்டும் இழுபறி. ஒன்று, கிருமாம்பாக்கத்தில் அத்தை வீட்டில் தங்கி என்னோடு பாகூரில் பிளஸ் ஒன் சேர வேண்டும். இல்லையென்றால் அவர்களோடு ஓசூர் போய்விட வேண்டும். அவள் அப்பா எதையும் சட்டென்று சொல்லாத ஆள். "பாக்கலாம்" என்பார். அந்தப் பாக்கலாமில் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

நாங்கள் ஒரே பள்ளி, ஒரே குரூப், ஒரே பெஞ்சு என்று முடிவு செய்து வைத்திருந்தோம். பாகூர் பள்ளியில் டீம் கிடையாது, போய் நாங்களே ஒன்று ஆரம்பிப்பது என்றுகூடத் திட்டம். அவள் இல்லாத பெஞ்சை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயந்து அவளிடம் சண்டை போட்டேன். "உங்கப்பன் இன்னா இப்படி இழுக்குது?" என்று கேட்டதற்கு அவள் கோபப்படவில்லை.

"அப்பா நான் ஓட்டிப் பாத்ததே இல்லடி. எப்பவும் ஷிப்ட். எங்க ஊர்லயே ஒரு நாளு காட்டலாம். பாத்துச்சின்னா, இங்கயே இருக்கட்டும், நல்லா பண்ணுதுன்னு வுட்டுடும்" என்றாள்.

மிஸ்ஸிடம் கேட்டு, அவள் அப்பாவின் வாரவிடுமுறை பார்த்து, அவள் ஊர்க் களத்தில் ஏற்பாடு செய்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் களத்தில் சொந்த ஊர்க்காரர்கள் அவ்வளவு பேர். அவள் அப்பா சட்டை மடிப்புக் கலையாமல் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் பெருக்கி முடித்து, பந்துகளைப் பரப்பி, பேட்டரியைப் போட்டோம். அவள் ரிமோட்டை எடுத்து முன்னால் தள்ளினாள். வண்டி நகரவில்லை. மறுபடி தள்ளினாள். அசையவில்லை. பின்னால் இழுத்தால் மட்டும் அழகாகப் பின்னால் போனது.

"இன்னாபா, ரிவர்ஸ் மட்டும்தான் போவுமா?" என்று ஒரு குரல். களமே சிரித்தது. ஒயர் பிடுங்கிக்கொண்டதோ என்று நான் கவிழ்த்துப் பார்த்தேன், சக்கரத்தில் நெல் தேடினேன். அவள் அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

அவள்தான் வண்டியின் முன்னால் போய்க் குனிந்து அதன் மூஞ்சியைப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "எம்மா!" என்றாள். அவ்வளவுதான். முதல் வரிசையில் அவள் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாங்கள் பெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மா வண்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறார். ஊர்க்கண்ணு பட்டுவிடக்கூடாதாம். இரண்டு வட்டக் கண்ணிலும் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். அங்கே கண் இருந்ததால், பொட்டு வைக்க அதுதான் இடம் என்று நினைத்துவிட்டார். சந்தனம் அடைத்த கண்ணுக்கு எப்போதும் எதிரில் யாரோ நிற்கிற மாதிரியே தெரிந்திருக்கிறது. யாரையும் இடிக்கக்கூடாது என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அது ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

நானாக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். அவள் துப்பட்டா நுனியால் பொறுமையாகத் துடைத்தாள். துடைத்த சந்தனத்தை வீணாக்காமல் வண்டியின் முதுகில், பேட்டரிப் பெட்டிமேல் ஒரு பொட்டாக வைத்தாள். "இங்க வெச்சா கண்ணும் படாது, வண்டியும் ஓடும்மா" என்றாள். கூட்டம் மறுபடி சிரித்தது, ஆனால் இந்தச் சிரிப்பு வேறு.

அப்புறம் அவள் ஓட்டியதை நான் என்னவென்று சொல்வது? அதற்கு முன்பு அவள் அப்படி ஓட்டியதில்லை. பந்து ஒவ்வொன்றாகக் கூடைக்குப் போனது. ஒரு சின்னப் பெண்ணைக் குறுக்கே நிறுத்தி, வண்டியை அவளை நோக்கி வேகமாக விட்டு நிறுத்திக் காட்டினாள். அந்தப் பெண்ணிடமே ரிமோட்டைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருட்டும்வரை பிள்ளைகள் விடவில்லை. நான் அவள் அப்பாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டியிருந்த கை எப்போதோ அவிழ்ந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்கே வந்துவிட்டார்.

முடிந்ததும் மிஸ்ஸிடம் போய், "இன்னா மிஸ், இது இவளே ஓட்டறதுதானா?" என்று கேட்டார்.

"டீமா செஞ்சாங்க. ஆனா ஓட்டறதுல இவ கைக்கு இங்க வேற ஆளு இல்ல."

"இதுக்கு மேல படிக்கணும்னா?"

"பெரிய ஊருங்கள்ல சில ஸ்கூல்ல இதுக்குன்னு லேபே இருக்குது. நல்ல கை, விட்றாதீங்க" என்றார் மிஸ்.

நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். விட்றாதீங்க என்று மிஸ்ஸே சொல்லிவிட்டாரே, இனி என்ன! குட்டியானையில் திரும்பி வரும்போது பாகூர் பள்ளியில் எந்தப் பக்கத்துப் பெஞ்சு என்றுகூட யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வேலிப் படலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ஓசூருக்குத்தான்டி" என்றாள்.

அங்கே ஒரு பள்ளியில் ரோபோ இருக்கிறதா என்று அவள் அப்பா போன் போட்டே விசாரித்துவிட்டாராம். இருக்கிறது என்றார்களாம். "இவ்ளோ கைவேல தெரிஞ்ச பொண்ண இங்க வுட்டுட்டுப் போனா நான் இன்னா அப்பன்?" என்று அம்மாவிடம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அழுகையும் இருந்தது, அப்பா தன்னைப் பற்றி அப்படிச் சொன்ன சந்தோஷமும் இருந்தது. எனக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை.

ஜூனில் வண்டியைப் பிரிக்கும்போது அவள் இல்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திருகாணி கழற்றினோம். மோட்டார் ஒரு டப்பா, சக்கரம் ஒரு டப்பா. பிரிக்கப் பிரிக்க அது வெறும் தகரமும் பிளாஸ்டிக்குமாக ஆகிக்கொண்டே வந்தது. நான் பாதியிலேயே வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் சில மாதம் தினமும் போன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஞாயிறு, "வண்டி எப்படிடி கீது அங்க? நம்மத விட வேகமா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் ரூம்ல கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்குதுடி. யாராச்சும் பெரியவங்க வந்தா காட்டுவாங்க. யாரும் தொடக்கூடாது."

"நீ சார் கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். சாவி யார் கிட்ட இருக்குதுன்னே அவருக்குத் தெரியல."

"உங்கப்பா கிட்ட சொன்னியா?"

"எப்படிடி சொல்றது? ஷிப்ட் முடிஞ்சி வந்ததும் மொதக் கேள்வியே, இன்னிக்கி ஓட்னியான்னுதான். ஓட்னேன்பான்னுடறேன். அதுக்கு அவ்ளோ சந்தோஷம்."

அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். போனை வைத்தபிறகு அவள் கட்டைவிரல்தான் கண் முன்னால் நின்றது. இப்போது கல்லூரியில் எங்கள் லேபில் விதவிதமான ரோபோ இருக்கிறது, கேட்டால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். நான் ஓட்டுகிறேன், முன்னைவிட நன்றாகவே. யாராவது பந்தைச் சுலபமாக எடுத்துவிட்டால் நான் இன்னும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். அவள் வேண்டும் எனக்கு. அதே களம், அதே பிள்ளைகள், கையைக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற அவள்.

அந்தப் போனுக்குப் பிறகு வந்த முதல் வருஷப் பொங்கலுக்கு அவள் அப்பா மட்டும் ஊருக்கு வந்திருந்தார். அவளுக்கு ஏதோ பரீட்சை. கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து வந்தார். சட்டென்று எதையும் சொல்லாத மனுஷன், அன்றைக்கு நிறுத்தாமல் பேசினார்.

"நல்லாக்கிறியாமா? உங்களுக்கெல்லாம் நான் கடமைப்பட்டுக்கிறேன். அவள அத்த வூட்லயே வுட்டுட்டுப் போறதுன்னுதான் நான் மனசுல முடிவு பண்ணி வெச்சிருந்தேன். யார் கிட்டயும் சொல்லல. அன்னிக்கி களத்துல நீங்க காட்டலன்னா, எம்பொண்ணு கை எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

எனக்குக் காலுக்குக் கீழே ரோடே இல்லாத மாதிரி இருந்தது. அவர் என் முகத்தைக் கவனிக்கவில்லை.

"இப்ப தெனமும் ஓட்டறாளாம். உன் கிட்ட சொன்னாளா?"

"சொன்னாப்பா" என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். "அந்த ஸ்கூல்லயே அவதான் ஃபர்ஸ்டாம்."

அவர் அப்படியே ரோட்டோரத்தில் நின்று போனை எடுத்து, அவள் அம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொல்ல ஆரம்பித்தார்.