‘லைவ்’ என்று பெயர் வைத்தது நான்

அன்று மதியம் அலுவலகத்தில் இருந்தது மூன்றே பேர்: நான், எங்கள் மேடம், தளியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் சக ஊழியப் பெண். போனில் நாலாவதாக ஒருவர், பேரிகை ரோட்டில் இருக்கும் உதிரிபாகக் கம்பெனியின் டிஸ்பாட்ச் கிளார்க்.

அந்தக் கம்பெனி லாரிகள் கேட்டைத் தாண்ட எங்கள் ஆப்பில் சீட்டு போட்டாக வேண்டும். ஆப் நின்றால் கர்நாடகத்துக்குப் போகிற வண்டிகள் வரிசையாக நிற்கும். நான் பத்தாவதோடு பள்ளியை விட்டு லேத்தில் நின்றவன். ஏதாவது தப்பு நடந்தால் முதலில் என் படிப்பைத்தான் கேட்பார்கள், அடுத்து வேலை போகும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஆப்புக்கு கிளவுடில் இரண்டு இடம். ஒன்றில் வேலை நடக்கும். மற்றதில் புதுப் பதிப்பை ஏற்றிப் பார்த்து, இணைய முகவரியை அதன் பக்கம் திருப்பிவிடுவோம். சில நாள் கழித்துப் பழையதை அழிப்போம். எல்லாருக்கும் புரியட்டும் என்று ‘லைவ்’, ‘புதுசு’ என்று பெயர் வைத்தது நான்தான். முகவரியைத் திருப்பினாலும் பெயர் மாறாது என்பது அப்போது தெரியவில்லை. திருப்பிய பிறகு வேலை நடந்தது ‘புதுசு’வில், சும்மா கிடந்தது ‘லைவ்’. நோட்டில் அப்படியே எழுதி வைத்தேன்.

“அந்தப் பழச அழிச்சிடுங்க. ரெண்டுக்கும் வாடகை போவுது” என்றார் மேடம்.

அழிக்கும்முன் அந்த இடத்தின் பெயரை டைப் அடிக்கச் சொல்லும் கிளவுட். நோட்டைப் பார்த்து ‘லைவ்’ என்று அடித்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆள் நான். கிளார்க்கைக் கூப்பிட்டேன்.

“சார், ஒரே ஒரு சீட்டு போடுங்களேன், எதுல வந்து விழுதுன்னு பாத்துக்கறேன்.”

“ஏங்க, போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. உங்க பயத்துக்குன்னு தனியா ஒரு லாரி வாங்கட்டுங்களா?”

சிரித்துக்கொண்டே போட்டார். சீட்டு ‘லைவ்’வில் வந்து விழுந்தது. நான் அழிக்கப்போனதில்.

“அய்யோ தேவரே!” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள் தளிப் பெண். “அண்ணா, நீங்க லீவுல இருந்தன்னிக்கு புதுசுல பிரிண்ட் வரல. நான்தான் முகவரிய திருப்பி லைவுக்கே மாத்தினேன். உங்ககிட்ட சொல்லவே மறந்துட்டேன்.”

மறைக்காமல் அந்த நிமிடமே சொன்னாளே, அதற்கு அவளுக்கு நன்றி. அலுத்துக்கொள்ளாமல் சீட்டு போட்ட கிளார்க்குக்கும். மேடம் என் படிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. “போன் பண்ணணும்னு தோணிச்சில்ல, அது போதும். மொதல்ல பேர மாத்துங்க” என்றார்.

நீலம், பச்சை என்று மாற்றினோம். எதில் வேலை நடக்கிறது என்பதை இப்போது பெயரை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டு பேர் பார்த்த பிறகுதான் அழிப்போம்.

அன்று என்னால் எதையும் அழிக்க முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் இரண்டும் ஓடட்டும், கூடுதல் வாடகை என் பொறுப்பு என்றேன். “உங்க பயம், உங்க காசு” என்று மேடம் சிரித்தார். இரண்டாயிரத்து நூறு வந்தது. ஆயிரத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். மீதியை நீட்டும்போதெல்லாம் டீ சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார். நான் அவருக்குத் தர வேண்டியது இன்னும் ஆயிரத்து நூறு ரூபாய்.