கட்டியகாரன் மிலானும் ராசா வேஷக்காரன் நானும்

1. வந்த நாள்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருடம். மட்டக்களப்பில் எங்கள் நிறுவனத்து ஒபிஸில் தவமணி மிஸ் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். அவர் ப்ரொஜெக்ட் மனேஜர். நான் அரங்கச் செயற்பாட்டு இணைப்பாளர். அந்தப் பதவிப் பெயரை விசிட்டிங் கார்டில் அடித்து வைத்திருந்தேன். வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

மேசைக்கு முன்னால் ஒல்லியான வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு முட்டும் அளவுக்கு உயரம்.

"குணம், இவர் மிலான். செக் நாட்டில இருந்து வந்திரிக்கார். நாடகக்காரர். இனிக் காம்ப் வேலைக்கெல்லாம் இவர்தான் லீட். நீங்க இவரோட போய் ட்ரான்ஸ்லேட் பண்ணுங்க."

"அப்ப என்ட வேலை, மிஸ்?"

"அதான் சொன்னனே. ட்ரான்ஸ்லேஷன்."

நான் பள்ளிக்கூட நாள் தொட்டுக் கூத்தாடியவன். ஆரையம்பதிக்குத் தெற்கே கரையோரக் கிராமங்களில் என் ராசா வேஷத்துக்கு ஒரு பெயர் இருந்தது. கடலால் வீடிழந்த சனம் இருந்த காம்பில் கூத்துப் போட வேண்டும் என்று முதலில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். இப்போது அந்த யோசனைக்கு ஒரு தலைவர் பிளேனில் வந்து இறங்கியிருந்தார். வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் இந்தக் குறிப்பை எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

2. பாலத்தில்

தினமும் என் மோட்டார் சைக்கிளில்தான் அவரை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் போவேன். பாலத்துச் செக் பொயின்ரில் ஆமிக்காரர் என்னை இறக்குவார்கள். அடையாள அட்டை, பை, சீற்றுக்கு அடி, எல்லாம் பார்ப்பார்கள். மிலான் சும்மா நிற்பார். ஒரு நாள், "நீ என்ன வேலை?" என்று இங்கிலிஷில் அவரைக் கேட்டார்கள். "தியேட்டர்" என்றார். ஆமிக்காரர் சிரித்தார்கள். "நானும் தியேட்டர்தான்" என்று நான் சொன்னேன். என் பையை இன்னொரு தரம் திறக்கச் சொன்னார்கள்.

அன்று தேத்தண்ணிக் கடையில் மிலான் தன் கதையைச் சொன்னார். தகப்பன் மரப்பாவை செய்கிறவர். மகன் அந்தப் பாவைகளை ஆட்டக் கற்று, பிறகு தானே மேடை ஏறியவர். அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் அந்த நாட்டில் சனம் தெருவுக்கு வந்ததாம். தியேட்டர்களில் நாடகத்தை நிறுத்திவிட்டு, நடிகர்கள் மேடையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து சனத்தோடு பேசினார்களாம். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அரசாங்கம் விழுந்துவிட்டது.

"நீங்கள் மேடையில் என்ன பேசினீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் கதிரை தூக்கினேன்" என்றார்.

அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வருடங்களில் நாடகக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்னால் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பின்வரிசை வரைக்கும் பார்ப்பான். புராணக் கதைக்கு வெளியே நாங்கள் ஒரு சொல் போடவில்லை. அந்த மனிசன் கதிரை தூக்கியே ஒரு அரசாங்கத்தை மாற்றிவிட்டு வந்திருக்கிறார்.

3. வேஷம் பிரித்தது

காம்ப் என்றால் தகரக் கொட்டில்கள். ஒன்றின் சுவர் மற்றதற்கும் சுவர். அங்கேயிருந்த அண்ணாவியார் மத்தளத்தைக் கடலுக்குக் கொடுத்தவர். கூத்துப் பழக்கி ஆட்டுவிக்கிறவர் அவர் என்பதால், ஆருக்கு என்ன வேஷம் என்பதும் அவர் சொல்தான். கடன் வாங்கிய மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"குணம், ராசா நீதான். அதில கதையில்ல. வெள்ளைத் தம்பிக்குக் கட்டியகாரனக் குடுப்பம். ரெண்டு பாட்டு, கொஞ்ச வசனம். குதிக்கக் கால் நல்லா இரிக்கி."

கட்டியகாரன் ராசா வருகிறார் என்று முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போகிறவன். எனக்கு மனம் குளிர்ந்தது. ஒபிஸில் அவர் லீட் என்றால், கூத்தாடும் களரியில் நான் ராசா. மிலானுக்கு அதை நானே சந்தோஷமாக மொழிபெயர்த்தேன்.

ஆட்டத்தன்று என் உடுப்பும் மணிமுடியும் தூக்க முடியாத பாரம். ராசா களரிக்குள் வரும் ஆட்டமான வரவை ஆடினேன். நன்றாகத்தான் ஆடினேன். ஆனால் எனக்கு முன்னால் வந்த கட்டியகாரன் வட்டக்களரியின் நாலு பக்கமும் போய், ஒவ்வொரு பக்கத்துச் சனத்தையும் குனிந்து பார்த்து, "ராசா வாறார்! வழி விடுங்க!" என்று தன் கொன்னைத் தமிழில் கத்தினார். கடல் வந்ததற்குப் பிறகு அந்தக் காம்பில் அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் ராசா வந்து போய்விட்டார்.

4. வீட்டுக்கு வீடு

எங்கள் ஊர்களில் கூத்து அரங்கேறினால் அதோடு முடியாது. மறுநாள் கூத்தர்கள் வீட்டுக்கு வீடு போவார்கள். கட்டியகாரன் முதலில் வேலியில் வாசலாக விட்ட கடப்பைத் தாண்டி வீட்டு வளவுக்குள் போய்ச் சொல்வான். பிறகு மற்றவர்கள் போய் ஒரு பாட்டு ஆடுவார்கள். வீட்டுக்காரர் இருப்பதைக் கொடுப்பார்கள்.

அந்த வருடம் அதை வேண்டாம் என்று விட்டோம். வீடு இல்லாத சனத்திடம் வீட்டுக்கு வீடு எங்கே போவது? அது அவர்களை நோகப்பண்ணும் என்று நான் சொன்னேன். அண்ணாவியாரும் தலையாட்டினார். நான் காம்பை ஒட்டிய பள்ளிக்கூட விறாந்தையில் கால் வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மிலான் மட்டும் சலங்கையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். தடுக்கப் போகவில்லை. மனிசன் அவமானப்பட்டுத் திரும்பி வரட்டும் என்று இருந்தேன்.

விறாந்தைக்கு நேரே தெரிந்த முதல் கொட்டில் பூமணி அக்காவுடையது. புருஷனையும் மூத்த மகளையும் கடலுக்குக் கொடுத்தவர். ஆரோடும் அதிகம் பேசமாட்டார். மிலான் கொட்டிலுக்கு முன்னால் நின்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"அக்கா, வாசல் எங்க?"

பூமணி அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். வாசல் என்று அங்கே எதுவும் இல்லை. தகரத்துக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு பாய் அகல மண்தான் இருந்தது. எழுந்து வந்து கால் பெருவிரலால் மண்ணில் ஒரு கோடு கீறினார்.

"இதுதான் தம்பி என்ட கடப்பு. இதுக்கு இஞ்சால என்ட வளவு. வாங்க."

மிலான் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போய் ஆடினார். பூமணி அக்கா நிவாரணத்துக்கு வந்த டின் மீன் ஒன்றைக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கொட்டில்காரி தன் தகரத்துக்கு முன்னாலும் கோடு கீறினாள். பிறகு காம்ப் முழுக்கக் கோடு. பின்னேரம் ஒரு சாக்கு நிறைய சவுக்காரமும் பிஸ்கட்டும் டின் மீனும் சுமந்துகொண்டு அவர் வந்தார். சிறுசுகள் எல்லாம் அவருக்குப் பின்னால்.

நான் எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அந்த வழக்கம் என்னுடையது. அந்தப் பாட்டு என்னுடையது. பள்ளிக்கூட நாள் தொட்டு உழைத்தும் எனக்குக் கிடைக்காத ஒன்று அந்த மனிசனுக்கு ஒரு பகலில் கிடைத்துவிட்டது.

5. என் தேர்தல்

வாகரைப் பக்கம் சண்டை தொடங்கி, கதிரவெளிச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து வந்த காலத்தில் மிலானின் நாட்டுக்காரர்கள் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பிறகு யுத்தம் முடிந்தது. நிறுவனமும் மூடியது. பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது நான் சுயேச்சைக் குழுவில் வோட்டுக் கேட்டேன். என் முகம் தெரியாத ஆள் இந்தப் பக்கத்தில் உண்டா?

வான் ஒன்று பிடித்தேன். ஸ்பீக்கர் கட்டினேன். ராசா வசனம் மாதிரி என் குரலிலேயே ரெக்கோர்ட் பண்ணினேன். பழைய காம்ப் சனத்துக்கு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்திருந்தது. அந்த ஒழுங்கைகளில் வான் மெதுவாகப் போனது. நான் உள்ளே இருந்து கும்பிட்டேன்.

தோற்றேன். தேர்தலுக்குக் கட்டிய கட்டுக்காசும் போயிற்று. என் சொந்த ஒழுங்கையிலேயே சனம் என்னைக் கண்டால் பேச்சை மாற்றியது.

அந்தச் சோகத்தில் இருக்கும்போதுதான் மிலானிடமிருந்து ஈமெயில் வந்தது. ஊர்ச் சபைக்கு முதலில் தெரிவானாராம். இப்போது பாராளுமன்றத்துக்கு. "ஒவ்வொரு வாசலுக்கும் நடந்து போனேன். வாசல் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். உங்கள் ஊரில் படித்தது" என்று எழுதியிருந்தார்.

அதை மனைவி ரஞ்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன்.

"உங்கட கூத்த வெச்சு அவர் வெண்டிட்டார். நீங்க வான வெச்சுத் தோத்திட்டீங்க" என்றாள்.

"அவன்ட நாட்டில வெயிலில்ல. நடக்கலாம்."

"இஞ்ச வெயில்லயும் ஆடினவர்தானே கா அவர்?"

அன்று நான் சாப்பிடவில்லை. கோபம் அவள் மேலா, மிலான் மேலா என்று எனக்கே பிடிபடவில்லை. பதிலும் எழுதவில்லை.

6. திரும்பி வந்தது

சில வருடம் கழித்து அவர் வந்தார். பாராளுமன்ற உறுப்பினர் குழு ஒன்றோடு கொழும்புக்கு வந்தவர், ஒரு நாள் லீவு கேட்டுக்கொண்டு மட்டக்களப்புக்கு வந்துவிட்டார். கோட், சப்பாத்து, பெரிய வாகனம். முடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். எனக்கும் கண் கலங்கியது. கலங்கியபடியே அந்தக் கோட்டின் துணியைக் கவனித்தேன்.

"பூமணி அக்கா வீட்டுக்குப் போகவேண்டும்" என்றார்.

வீட்டுத்திட்டத்தில் அவர் வீட்டுக்கு இப்போது மதிலும் இரும்பு கேற்றும் இருக்கிறது. மிலான் கேற்றுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"அக்கா, வாசல் எங்க?"

பூமணி அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடுத்த கணம் ஓடி வந்தார்.

"என்ட கட்டியகாரத் தம்பியே! வாங்க, வாங்க!" கையைப் பிடித்தபடியே என்னையும் பார்த்தார். "இவர் ஆரு? உங்கட வாகன றைவரா?"

நான் கேற்றை விட்டு ஒரு அடி பின்னால் வைத்தேன். களரியில் ராசாவாக நின்றவன். இதே ஒழுங்கையில் வோட்டுக் கேட்டவன்.

மிலான் என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு வளவுக்குள் பாய்ந்தார். தொடையில் தாளம் தட்டி ஒரு சுற்று வந்தார்.

"ராசா வாறார்! குணம் ராசா வாறார்! வழி விடுங்க!"

அக்கம்பக்கம் எல்லாம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. முழங்கால் வலியோடு நான் வரவு ஆடி உள்ளே போனேன். கையில் அவருடைய கோட். பூமணி அக்கா கைகொட்டிச் சிரித்தார்.

"அட, நம்மட ராசாவா! நல்லா ஆடினீங்களே. ஆனா நீங்க அண்டைக்கு என்ட கொட்டிலுக்கு வரல்லயே தம்பி."

"வரல்லதான் அக்கா."

"எலெக்ஷனுக்கு ஒரு வான் கத்திக்கிட்டுப் போச்சு. அதுவும் நீங்களா?"

"ஓம் அக்கா."

"ஆரெண்டு தெரியல்ல. சத்தம் கேட்டிச்சி, மறுகா போயிட்டு."

தேத்தண்ணி குடித்தோம். மிலான் புறப்படும்போது டின் மீன் ஒன்றைப் பூமணி அக்கா அவர் பையில் வைத்தார். ஒரு பாராளுமன்ற உறுப்பினர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அதையும் அவர் நன்றாகத்தான் செய்தார். எனக்கு அதிலும் பொறாமைதான்.

இந்த நாடக வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஆட்டம் களரியில் முடிவதில்லை. சனத்தின் வாசலுக்குப் போங்கள். வாசல் இல்லாத இடத்தில், எது வாசல் என்று அவர்களையே கேளுங்கள். அவர்கள் கீறிக் காட்டுவார்கள்.

வாகனம் போன பிறகு ரஞ்சிக்கு ஃபோன் பண்ணி, வரச் சுணங்கும் என்றேன். அடுத்த வீட்டுக் கேற்றுக்கு முன்னால் போய் நின்றேன். கட்டியம் சொல்ல ஆள் இல்லை. "குணரெத்தினம் வந்திருக்கன். உள்ளுக்கு வரலாமா?" என்று நானே சொன்னேன்.