அப்பாவின் கையுறையைத் துவைத்த நாள்

ஒன்பது வயதில் எனக்குத் திடீரென்று சுத்தப் பைத்தியம் பிடித்தது. தீபாவளிக்கு முந்திய வாரம், சிங்கப்பூர் கேலாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் திரைச்சீலை முதல் கால்மிதி வரை அம்மா துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் என் பங்குக்கு எதையாவது துவைத்தே தீருவதென்று வீட்டைச் சுற்றி வந்தேன். அகப்பட்டது அப்பாவின் வேலைப் பை.

அப்பா கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார். பைக்குள் இருந்த தோல் கையுறைகள் கருகிப்போய், வேர்வை நாற்றம் அடித்தன. மறுநாள் சனிக்கிழமை. வேலை முடிந்ததும் அப்பா அந்தப் பையோடு நேராகத் தேக்கா கடைத்தெருவுக்கு வந்துவிடுவார், எல்லோருமாகச் சேர்ந்து புதுத்துணி எடுப்போம் என்று ஏற்பாடு. துணிக்கடைக்குள் இந்த நாற்றத்தோடா? யாரிடமும் சொல்லாமல் சோப்புத்தூளில் ஊறவைத்து, தேய்த்து, என் அறை ஜன்னலோரம் காயப்போட்டேன். வெளியே அடைமழை. காலையில் பார்த்தால் மேல்தோல் காய்ந்திருந்தது. உள்ளே விரல் விட்டால் மட்டும் சில்லென்று இருந்தது. கையில் மாட்டினால் தானாகக் காய்ந்துவிடும் என்று நானே முடிவுகட்டிப் பையில் வைத்துவிட்டேன். அப்பா கிளம்பிப் போனார்.

வாளியில் கிடந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்து அம்மா என்னவென்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். பாராட்டு வரும் என்று நின்றவளின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. அதற்கு முன் அம்மா என்னை அடித்ததே இல்லை.

அடித்த கையோடு அப்பாவுக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும். "எடுங்க... எடுங்களேன்" என்று அடித்துக்கொண்டிருந்த போனிடமே கெஞ்சினார். நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு, ஒரு ஜோடி கையுறைக்கு இத்தனை அமர்க்களமா என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு, டீ நேரத்தில், அப்பாவே கூப்பிட்டார்.

"எதுக்கு இத்தனை மிஸ்டு கால்? கிளவுஸ் ஈரம்னு கைய விட்டதுமே தெரிஞ்சிடுச்சுலா. ஸ்டோர்ல வேற வாங்கிட்டேன்."

அம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்து அழுதார். போன் என் கைக்கு வந்தது.

"பாப்பா, தோலைத் துவைச்சா கெட்டியாயிடும்மா. இனிமே வேணாம், சரியா?"

அவ்வளவுதான் விஷயம் என்று வெகுகாலம் நம்பினேன். அம்மாமீது ஒரு சின்ன வன்மம்கூட இருந்தது. பாலிடெக்னிக்கில் முதல் வெல்டிங் வகுப்பன்று ஆசிரியர் சொன்னார்: ஈரக் கையுறையோடு வெல்டிங் கம்பியை மாற்றினால் கரண்ட் உடம்பில் ஏறும், நிற்கிற இடமும் இரும்பாக இருந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அப்பா நாள் முழுக்க நிற்பது கப்பலின் இரும்புத் தளத்தில். கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை தேக்காவில் நகர இடமில்லாத கூட்டம். வெளியே போனால் அப்பாவைவிட்டு இரண்டடி தள்ளியே நடக்கிற அம்மா, அன்று கடை கடையாக அவர் கையைப் பிடித்தபடியே வந்தார். சேலையைப் பிரித்துப் பார்ப்பதற்குக்கூட அந்தக் கையை விடவில்லை. கடைக்காரர்தான் பிரித்துக் காட்டினார். இவ்வளவு பெரிய அம்மா, கூட்டத்தில் தொலைந்துபோய்விடுவோம் என்று இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.