கண்ணாடி வெளுத்தபோது பேசிய சிறுமி

சென்ற ஆண்டு மழைக்காலம். குழந்தைகளின் மனநலம் பற்றிய ஆராய்ச்சியில் நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றாவது முறையாகப் போயிருந்தேன். அந்த அம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்ப்பவர். கணவர் பிரிந்து போய்விட்டார். ஒரே மகள், எட்டு வயது. அம்மாவிடம் மட்டும்தான் பேசுவாள். பள்ளியில் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது.

முதல் நாளே கேள்வித்தாளில் அம்மாவின் பகுதியை முடித்துவிட்டேன். எதைக் கேட்டாலும், "எல்லாம் ஓகே லா." நானும் மளமளவென்று டிக் போட்டேன். மகளிடம்தான் ஒன்றும் நடக்கவில்லை.

"வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். இவளுக்கு எல்ஆர்டி ரயில்னா உயிர்" என்றார் அம்மா.

மதிய நேரம், பெட்டியில் எங்களைத் தவிர யாருமில்லை. வெளியே தூறல். எதிர் இருக்கையில் உட்கார்ந்த அம்மா இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். ஓட்டுநர் இல்லாத ரயில் மரங்களின் தலைக்கு மேல் மிதப்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் கண் சொக்கியது.

அந்த ரயில் வீடுகளை ஒட்டிப் போகும்போது, வீட்டுக்குள் இருப்பவர்கள் தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடி தானாகவே வெளுத்துவிடும். அப்படி வெளுத்ததும் ஊரே மறைந்து, மேகத்துக்குள் போனது மாதிரி இருந்தது. சிறுமி என் காதருகே சாய்ந்தாள்.

"அக்கா, அம்மா பாத்ரூம்ல பைப்ப திறந்துவிட்டுட்டு அழுவாங்க."

நான் அசையவில்லை. கண்ணாடி தெளிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள். மறுபடி வெளுத்ததும் மிச்சம் வந்தது.

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் பைப்ப திறக்கிறாங்க. ஸ்கூல்ல பேசினா நான் வாய் தவறி சொல்லிடுவேன்ல?"

"அம்மாகிட்ட நான் சொல்லவா?" என்று கேட்டேன். தூங்கும் அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நானே சொல்றேன். நீங்க பக்கத்துல இருங்க."

இறங்கியதும் ஸ்டேஷன் பெஞ்சில் அம்மாவின் காதில் சொன்னாள். அவர் மகளை அப்படியே இறுக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நான் தைரியமா இருக்கேன்னு இவ நம்பணும்னு நினைச்சேன்மா" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவின் சம்மதத்துடன் என் பேராசிரியரிடம் பேசினேன். பேராசிரியர் மூலம் அந்த வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தில் இருவருக்கும் ஓர் ஆலோசகர் கிடைத்தார். ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. சில மாதம் கழித்து, வகுப்பில் மகள் எழுந்து நின்று இரண்டு வரி வாசித்தாள் என்று அம்மாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

எட்டு வயதில் அவள் தன் அம்மாவை அப்படிக் காத்துக்கொண்டிருந்தபோது, எதிரிலேயே உட்கார்ந்து எதையும் பார்க்காமல் டிக் போட்டுக்கொண்டிருந்தேனே என்ற வெட்கம்தான் இன்றும் என்னை இந்த வேலையில் நிதானமாக நடக்க வைக்கிறது.